600 ரூபாய், மூன்று பேர், ஊட்டியில் ஒரு மெக்சிகன் மதியம்

மாதம் 20-ஆம் தேதி ஊட்டியில் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. ஜிஎஸ்டி 3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் கடைக்காரர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் பில் கட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். காலையில் கட்டிக் கொண்டுவந்த டிபன் பாக்ஸ் இரவு அப்படியே வீட்டுக்குத் திரும்பும். இதைப் பார்த்துத்தானோ என்னவோ, மறுநாள் ஆடிட்டர் சார் 600 ரூபாயை எடுத்துக் கொடுத்து, "மூணு பேரும் வெளியே போய் நல்லா சாப்பிட்டுட்டு வாங்க" என்பார். மூன்று பேர் என்றால் சீனியர் அக்கா, நான், கூடலூர்த் தம்பி.

முதல் சில மாதங்கள் வழக்கமான மெஸ்ஸுக்குத்தான் போனோம். அன்லிமிடெட் சாப்பாடு 110 ரூபாய். மூன்று பேருக்கு 330. மீதி 270-ஐத் தம்பி ஆம்லெட்டிலும் மீன் வறுவலிலும் தீர்த்துவிடுவான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாம்பார், ரசம், மேரக்காய்க் கூட்டு, அப்பளம் என்று வீட்டில் இருப்பதேதான் அங்கேயும் இலைக்கு வந்தது. "இதுக்கு நான் டிபன் பாக்ஸையே திறந்திருப்பேனே கண்ணு" என்று சீனியர் அக்கா ஒருநாள் சொன்னார். மெஸ் அதோடு முடிந்தது.

சேரிங் கிராஸிலிருந்து மேலே ஏறும் சந்து ஒன்றில் அப்போதுதான் ஒரு மெக்சிகன் கடை திறந்திருந்தார்கள். ஆறே மேஜை. கடைக்காரர் நம்ம ஊர்க்காரர்தான். பல வருடம் கப்பல் சமையலறையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். முதல் நாள் தம்பி மெனு கார்டை எடுத்து 'க்யூசடில்லா' என்று சத்தமாகப் படித்தான். கடைக்காரர் சிரிக்காமல், "ரெண்டு எல் சேர்ந்து வந்தா 'ய' தம்பி. கேசடியா" என்று திருத்தினார். அதே கணக்கில் அவர்கள் ரொட்டியான டார்ட்டில்லாவும் டார்ட்டியா ஆனது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் கடையைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே கேள்விதான்: 200 ரூபாய்க்கு அங்கே வயிறு நிறையுமா? நிறையும், ஆனால் மெனுவில் எந்த வரியில் விரலை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து. அதே 200 ரூபாயில் அலுவலகம் விடும்வரை தாங்குகிற சாப்பாடும் உண்டு, மூன்றரை மணிக்கே வர்க்கி டப்பாவைத் தேட வைக்கிற சாப்பாடும் உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் மாறி மாறி வாங்கிச் சாப்பிட்டு, பில்களையும் எடுத்து வைத்திருக்கிறேன் (தொழில் புத்தி). அதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாச்சோஸ் 170. கேசடியா 180. டாக்கோ இரண்டு 150, சிக்கன் என்றால் 180. பரிட்டோ 220, சிக்கன் 260. ரைஸ் பவுல் 160, சிக்கன் 200. வார நாளில் மட்டும் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை 'மதியத் தட்டு' 190, சிக்கன் 220. இதற்கு மேல் பில்லில் எதுவும் ஏறாது. கடை, சிறு கடைகளுக்கான ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதால் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கக் கூடாது; விற்பனையில் 5 சதவீதத்தைக் கடைக்காரரே கையிலிருந்து கட்ட வேண்டும். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் உணவகங்கள் இந்தத் திட்டத்தில் சேரலாம். சாதாரணப் பதிவில் இருக்கும் உணவகம் என்றால் மெனு விலைக்கு மேல் 5 சதவீதம் சேரும். 570 ரூபாய் பில் 598.50 ஆகிவிடும். எங்களைப் போல 600-ஐக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது. சேவைக் கட்டணம் என்று தானாகப் போட்டு வந்தால் எடுக்கச் சொல்லலாம். கேட்காமல் அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வேறொரு இடத்தில் நான் இதைச் சொன்னபோது மேனேஜர் ஏதோ கடன் கேட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆனால் எடுத்துவிட்டார்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

நாச்சோஸை மதியச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். 1940-களில் அமெரிக்க எல்லையை ஒட்டிய பியத்ராஸ் நெக்ராஸ் என்ற மெக்சிகோ ஊரில், சமையல்காரர் இல்லாத நேரத்தில் வந்துவிட்ட விருந்தாளிகளுக்காக இக்னாசியோ அனாயா என்ற ஓட்டல் மேற்பார்வையாளர் பொரித்த டார்ட்டியாத் துண்டு, சீஸ், மிளகாய் என்று கையில் கிடைத்ததை வைத்துச் செய்து கொடுத்த பண்டம் அது. இக்னாசியோவைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர்தான் நாச்சோ. அவசரத்துக்குப் பிறந்தது இன்னமும் அவசரத் தீனியாகவே இருக்கிறது. 170 ரூபாய்க்குத் தட்டு மலைபோலத் தெரியும், உள்ளே பாதி காற்று. தம்பிக்கு மட்டும் இன்னும் ஆசை விடவில்லை.

கேசடியா வேறு ரகம். ருசியில் அதன்மேல் எனக்குப் புகார் கிடையாது. மடித்த டார்ட்டியாவுக்குள் சீஸ், காளான், கொஞ்சம் குடைமிளகாய், தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டியது. கோயம்புத்தூரில் இருந்தால் ஒருவேளை இதையே முதலில் வைத்திருப்பேன். ஊட்டியில் அதற்கு ஒரு எதிரி இருக்கிறது, குளிர். ஜூலை மாதச் சாரலில் கதவோரம் உட்கார்ந்து கேசடியா சாப்பிட்டுப் பாருங்கள்: முதல் துண்டில் சீஸ் நூலாக இழுக்கும், மூன்றாவது துண்டு வரும்போது அது ஆபீஸ் ரப்பர். பேசிக்கொண்டே சாப்பிடுகிற ஆள் என்றால் கதை முடிந்தது. சீனியர் அக்கா பேசிக்கொண்டேதான் சாப்பிடுவார். குழந்தைகளுக்கு வாங்கலாம், அவர்கள் ஆற விடமாட்டார்கள், காரமும் இல்லை. பெரியவர்களுக்கு வெயில் நாளில் மட்டும்.

டாக்கோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அந்தக் கடையிலேயே ருசியில் முதலிடம் அதற்குத்தான், வயிற்றுக் கணக்கில் கடைசிக்கு முந்தைய இடமும் அதற்குத்தான். டாக்கோ என்றதும் பலரும் நினைப்பது 'யு' வடிவில் மொறுமொறுவென்று இருக்கும் மேலோடு. அது அமெரிக்காவில் பரவிய வடிவம். மெக்சிகோவில் பெரும்பாலும் உள்ளங்கை அகலத்தில் மெத்தென்ற மக்காச்சோள டார்ட்டியா, அதன்மேல் கறியோ காளானோ, பொடியாக அரிந்த வெங்காயம், கொத்துமல்லி, பிழிய ஒரு எலுமிச்சைத் துண்டு, அவ்வளவுதான். இந்தக் கடையில் அப்படித்தான் கொடுக்கிறார்கள்.

மக்காச்சோள மாவில் நாம் வீட்டில் ரொட்டி தட்டினால் ஓரமெல்லாம் விண்டு போகும். அவர்களுடையது ஏன் மடித்தாலும் உடைவதில்லை என்று நான் ஒருநாள் கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். சுண்ணாம்பு! வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சரக்கு, சமையலுக்கென்று சுத்தமாக வாங்கியது. காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் தோல் போகக் கழுவி, ஈரத்தோடு அரைக்கிறார்கள். அப்போதுதான் மாவு ஒட்டும். மெக்சிகோ மக்கள் ஆயிரக்கணக்கான வருடமாக இப்படித்தான் செய்துவருகிறார்கள். சுண்ணாம்பில் ஊறினால்தான் சோளத்திலிருக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும். ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, இந்தப் பக்குவம் கூடப் போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை ஊர்களில் பெல்லாக்ரா என்ற சத்துக்குறை நோய் பரவியது. சீனியர் அக்கா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்க பாட்டி கையில குடுத்திருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருக்கும், சுண்ணாம்பு இல்லாம அதுக்கு ஒரு நாளும் போனதில்ல" என்றார்.

இத்தனை வேலை இருப்பதால் இரண்டு டாக்கோ 150 என்பது அநியாய விலை இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து எட்டு வாய். எனக்கே நாலு வேண்டும், தம்பிக்கு ஆறு. நாலு என்றாலே 300 ஆகிவிடுகிறது. ஆகவே டாக்கோவைச் சாப்பாடாக வாங்காமல், மற்றதோடு ஒரு பிளேட் நடுவில் வைத்து ஆளுக்குக் கொஞ்சம் எடுப்பதுதான் நாங்கள் கண்ட வழி. பிளேட்டுக்கு இரண்டுதானே, மூன்று பேர் எப்படி என்று கேட்பீர்கள். சண்டை போட்டுத்தான்.

பரிட்டோவுக்கு வருவோம். பெயருக்குக் குட்டிக் கழுதை என்று அர்த்தம். மெக்சிகோவின் வடபகுதியில் கோதுமை விளைவதால் அங்கே கோதுமை டார்ட்டியா. அதில் பீன்ஸோ (ராஜ்மா போன்ற பயறு) ஒரு குழம்போ வைத்து ஒல்லியாகச் சுருட்டுவார்கள். சோறு, பீன்ஸ், சீஸ், சல்சா என்ற தக்காளிச் சட்னி எல்லாவற்றையும் திணித்து, குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல அலுமினியத் தாளில் சுற்றித் தரும் பெரிய பரிட்டோ 1960-களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் கிளம்பியது. நம் கடையில் இருப்பது இந்தப் பெரியதுதான். 220 ரூபாய் என்றால் ஆளுக்கு 200 என்ற எல்லையைத் தாண்டுகிறது. ஆனால் ஒரு முழு பரிட்டோவை நான் இதுவரை தனியாக முடித்ததில்லை. தம்பி முடித்திருக்கிறான், முடித்துவிட்டு மதியம் முழுக்க லெட்ஜர் முன்னால் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினான்.

குளிரூருக்கு ஏற்ற சாப்பாடு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். தாள் சுற்றியிருப்பதால் கடைசி வாய்வரை சூடு நிற்கும். கையைச் சூடேற்றிக்கொள்ளவும் ஆகும். பார்சலுக்கும் இதுதான், நீலகிரியில் பிளாஸ்டிக் கவர் கிடையாது என்பதால் மற்ற எதை வாங்கினாலும் வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோக வேண்டும், பரிட்டோவைச் செய்தித்தாளில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம். சூப் குடிக்கிற கடைகளில் போல இங்கேயும் 'ஒன் பை டூ' உண்டு. நடுவில் வெட்டி இரண்டு தட்டில் வைத்துத் தருகிறார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. ஆளுக்கு 110, கூட ஒரு சூப் 70 என்றால் 180. கொஞ்சமாகச் சாப்பிடுகிற இரண்டு பேருக்கு இதைவிட நல்ல கணக்கு அந்த மெனுவில் இல்லை.

ஒரே ஒரு முறை பரிட்டோ எங்களை ஏமாற்றியது. வெளியே சூடு, நடுவில் சில்லென்று பீன்ஸ். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்துச் சுருட்டியிருக்கிறார்கள். சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வெட்டிக் கொடுக்கச் சொல்லித்தான் வாங்குகிறோம், பிரித்துச் சாப்பிடாவிட்டாலும் கூட. வெட்டினால் நடுவில் ஆவி வருகிறதா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பீன்ஸ் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. என்னைக் கேட்டால் இந்தக் கடையில் எதை வாங்குவது என்ற கேள்வி கடைசியில் எதில் பீன்ஸ் அதிகம் என்ற கேள்விதான். வேகவைத்த ராஜ்மா 100 கிராமில் எட்டு, ஒன்பது கிராம் புரதம் இருக்கிறது. ஐந்தரை மணிவரை தாங்குவது அதனால்தான். சோறு ஏறினால் மூன்று மணிக்குக் கொட்டாவி, சீஸ் ஏறினால் பில் ஏறுகிறது. பீன்ஸ் அவர்களுக்கும் மலிவு, நமக்கும் பலம். அதனால் எதையும் வாங்குவதற்கு முன், "பீன்ஸ் கொஞ்சம் கூட வையுங்க" என்று சொல்லிவிடுவோம். இதுவரை ஒரு முறையும் காசு கேட்டதில்லை. சீஸ் கூட வைக்கச் சொன்னால் 50 ரூபாய்.

ரைஸ் பவுலில் பீன்ஸ்தான் ராஜா. அடியில் தக்காளிச் சோறு மாதிரி சிவப்புச் சோறு, மேலே ஒரு கரண்டி நிறைய மசித்துத் தாளித்த பீன்ஸ், பக்கத்தில் முட்டைக்கோஸ், வதக்கிய மக்காச்சோளம், சல்சா. அந்த மசித்த பீன்ஸுக்கு ஸ்பானிஷில் 'ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரித்தோஸ்' என்று பெயர். இரண்டு முறை பொரித்தது என்று ஆங்கிலத்தில் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். நன்றாக வறுத்தது என்பதுதான் பொருள். சீனியர் அக்கா படுகர் கிராமமான ஒரு ஹட்டியிலிருந்து வருகிறவர். அவரைக் குழம்பும் உருளைக்கிழங்கும் இல்லாத வாரம் அவர் வீட்டில் கிடையாது. முதல் ஸ்பூன் வாயில் வைத்ததும், "இது எங்க அவரெ மாதிரிதான் இருக்கு, மாசு ஹுடி போட மறந்துட்டாங்க" என்றார். அடுத்த மாதம் ஒரு சின்ன டப்பாவில் மாசு ஹுடி மசாலாவைக் கொண்டுவந்து, கடைக்காரர் கண்முன்னாலேயே மேலே தூவிச் சாப்பிட்டார். அவர் கோபப்படவில்லை, டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார்.

ஆனால் மலைமேல் பீன்ஸ் வேகவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊட்டி இருக்கும் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நினைப்போம், உள்ளே சூடு போதாது. ராஜ்மா அரைவேக்காட்டில் வயிற்றைக் கெடுக்கும். அதிலிருக்கும் லெக்டின் என்ற பொருள் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு: மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய இதே 2,240 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே இருக்கும் சமையல்காரருக்கும் இதே தலைவலிதான். பவுல் வந்ததும் நான் ஒரு பீன்ஸை எடுத்து நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திப் பார்ப்பேன். மாவாகக் கரைந்தால் சரி. ஒருமுறை நடுவில் கடுக்கென்று இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டு அன்று டாக்கோ சாப்பிட்டோம்.

பவுலில் எனக்கு இருக்கும் ஒரே குறை, அகலமான வாய். சூடு ஓடிவிடும். சமையலறைக் கதவை ஒட்டிய மேஜை கிடைத்தால் அந்தக் குறையும் போய்விடும். 160 ரூபாய்க்கு ஒரு ஆள் வயிறார எழுந்திருக்கலாம் என்பதால் தனியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மூன்று பேராகப் போனால் மதியத் தட்டு. மெக்சிகோவில் ஃபோண்டா என்று சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, நம் மெஸ் மாதிரி. அங்கே மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள் 'கொமிதா கொரிதா' என்று ஒரே விலையில் வரிசையாகக் கொண்டுவருவார்கள்: முதலில் சூப், அப்புறம் சோறோ சேமியாவோ, அப்புறம் அன்றைய குழம்பு, கூடவே டார்ட்டியா, குடிக்கப் பழத் தண்ணீர். அளவுச் சாப்பாடு என்று நாம் சொல்வதன் அண்ணன் தம்பி. கூலி வேலைக்குப் போகிறவர்களும் ஆபீஸ் ஆட்களும் அங்கே சாப்பிடுவது இதைத்தான், பரிட்டோவை அல்ல. நம் கடைக்காரர் அதை அப்படியே சின்னதாக்கி வைத்திருக்கிறார். பொரித்த டார்ட்டியாக் கீற்று மிதக்கும் தக்காளி சூப், ஒரு கிண்ணம் சிவப்புச் சோறு, பீன்ஸ், அன்றன்றைக்கு ஒரு குழம்பு, இரண்டு மக்காச்சோள டார்ட்டியா, சிவப்பு நிறத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். அந்தச் சிவப்புத் தண்ணீர் புளிச்சக்கீரைக்கு உறவான ஒரு செம்பருத்தியின், பூவுக்கு அடியில் இருக்கும் சிவப்பு இதழைக் காயவைத்து ஊறவைத்து இறக்கியது; தனியாக வாங்கினால் 60 ரூபாய். சூப் 70. இரண்டையும் கழித்துப் பார்த்தால் மற்றதெல்லாம் சேர்ந்து 60 ரூபாய்க்கு வருகிறது. இப்படிக் கழித்துப் பார்த்துச் சாப்பிடுவது எங்கள் தொழிலின் சாபம்.

அன்றைய குழம்பு என்னவாக இருக்கும் என்பது அதிர்ஷ்டம். மார்க்கெட்டில் எது மலிவோ அது. ஒருமுறை மேரக்காய் வந்தது. மெஸ்ஸில் கூட்டு வேண்டாம் என்று இங்கே ஓடிவந்தால் இங்கேயும் மேரக்காயா என்று தம்பி முகத்தைச் சுளித்தான். மேரக்காய்க்குச் சொந்த ஊரே மெக்சிகோ பக்கம்தான், அங்கே அதற்குச் 'சயோத்தே' என்று பெயர். நம் சௌசௌவும் அந்தக் காய்தான். நாம்தான் அவர்கள் காயைக் கொண்டுவந்து தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறோம். பச்சை மிளகாயும் மல்லித்தழையும் அரைத்து ஊற்றி, மேலே கொஞ்சம் எலுமிச்சை பிழிந்திருந்தார்கள். நான் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். தம்பி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்று தட்டு 570. மீதி 30. டார்ட்டியா தீர்ந்தால் இன்னொன்று கேட்கலாம், முதல் முறை சும்மா கொடுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை, பட்டர் ஃப்ரூட் விஷயத்தில். குவாக்கமோலே என்று மெனுவில் இருக்கும். பழத்தை மசித்து வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்தது. கூட வைக்க 80 ரூபாய். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் குன்னூர் பக்கமும் கோத்தகிரி பக்கமும் காப்பித் தோட்ட ஓரங்களில் காய்த்துத் தொங்குகிற பழம் அது. சீசனில் மார்க்கெட்டில் ஒரு பெரிய பழத்தையே 40 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். சர்க்கரையும் பாலும் போட்டு ஜூஸ் அடித்துப் பழகிய நமக்கு அதில் உப்பும் மிளகாயும் போடலாம் என்பதுதான் புதுச் செய்தி. பாடத்தைக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்துகொள்ளுங்கள், 80 ரூபாயை அரை பரிட்டோவில் போடுங்கள். காரத்துக்கும் அப்படித்தான். ஹாலப்பேனோ என்று பாட்டிலில் ஊறிய மிளகாய் வளையங்களைத் தனியாக விற்கிறார்கள். அதன் காரம் ஸ்கோவில் அளவில் 2,500-லிருந்து 8,000 வரை. நம் காந்தாரி மிளகாய் அதைப்போலப் பல மடங்கு. கூடலூர்க்காரனுக்கு அது ஊறுகாய்ப் புளிப்பு மட்டும்தான்.

தண்ணீருக்குக் காசு இல்லை. மாவட்டத்தில் சின்ன பிளாஸ்டிக் பாட்டில் விற்கக் கூடாது என்பதால் எல்லா மேஜையிலும் ஜக்கு இருக்கும்.

இப்போது மெஸ்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. மாதக் கடைசி, பசி அதிகம், கையில் 110 ரூபாய்தான் என்றால் மெஸ்ஸுக்கே போங்கள். சோறு எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற நிம்மதிக்கு டார்ட்டியா ஈடாகாது. வயதானவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தாலும் மெஸ்தான், என் மாமியாரை ஒருமுறை மெக்சிகன் கடைக்குக் கூட்டிப்போனேன், தட்டில் இருந்த எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, "சரி, சாப்பாடு எப்போ வரும்?" என்று கேட்டார். ஏப்ரல், மே சீசனிலும் நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. 2024-இல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் மலர்க் கண்காட்சி நாட்களில் சேரிங் கிராஸைக் கடக்கவே அரை மணி நேரம் ஆகிறது. கடையில் மதியத் தட்டை நிறுத்திவிட்டு நாச்சோஸைத்தான் தள்ளுகிறார்கள். அவரும் பிழைக்க வேண்டும், சொல்வதற்கில்லை.

இந்த மாதம் ஒரு சிக்கல். 21-ஆம் தேதி சனிக்கிழமையில் வருகிறது. அன்று தட்டு கிடையாது. நேற்று மதியம் மூன்று பேரும் காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். மூன்று பவுல் என்றால் 480, ஒரு சூப் சேர்த்தால் 550. தம்பிக்கு அது பிடிக்கவில்லை, "சனிக்கிழமையும் சோறா அக்கா?" என்கிறான். கடைசியில் படிந்தது இது: சிக்கன் பரிட்டோ ஒன்று 260, தம்பிக்கும் எனக்கும் ஒன் பை டூ. சீனியர் அக்காவுக்குப் பவுல் 160, பீன்ஸ் கூட வைத்து. நடுவில் ஒரு பிளேட் காளான் டாக்கோ 150. ஆக 570. மீதி 30-க்குத் திரும்பும் வழியில் வர்க்கி. டாக்கோ இரண்டுதான் வரும், மூன்று பேர். சீனியர் அக்கா எனக்கு வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டார். ஆனால் போன முறையும் அப்படித்தான் சொன்னார்.